குரல் பதிவில் குடும்பச் செய்தி: எட்டாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

நான் துபாயில் ஏசி பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். பெற்றோர் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். அக்கா கோவையில் இருக்கிறார். 2017 முதல் எங்கள் வீட்டுச் செய்திகளில் பெரும்பகுதி வாட்ஸ்அப் குரல் பதிவுகளாகவே போய்வருகிறது. இத்தனை காலம் ஒரே வசதியைப் பயன்படுத்திய பிறகு, அது எந்த அளவுக்குக் கைகொடுத்தது என்பதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

குரல் பதிவை நாங்கள் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை; வேறு வழியில்லாமல் அதற்கு வந்து சேர்ந்தோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பின் குரல் அழைப்பும் காணொளி அழைப்பும் பொதுவாக இயங்குவதில்லை. எழுத்தும் குரல் பதிவும் தடையின்றிப் போகும். அம்மாவுக்குத் தட்டச்சு வராது. இங்கே அழைப்புக்கு அனுமதி பெற்ற போட்டிம் செயலியை அக்கா அப்பாவின் போனில் போட்டுக் கொடுத்தார்தான். ஆனால், நான் அறைக்குத் திரும்பி, குளியலறைக்கு முறை வைத்துக் காத்திருந்து, சாப்பிட்டு முடிக்கும்போது இங்கே இரவு ஒன்பதரை ஆகிவிடும். ஊரில் அப்போது பதினொரு மணி. அப்பா எட்டரைக்கே படுத்துவிடுகிறவர்.

அழைப்பில் பேசிய நாட்களை நினைத்துப் பார்த்தால், "சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, அங்க வெயிலா" என்ற மூன்று கேள்விகளோடு பேச்சு தீர்ந்துவிடும். கேட்பவர் எதிரே காத்திருக்கிறார் என்ற எண்ணமே சின்னச் செய்திகளை விழுங்கிவிடுகிறது. பதிவில் அந்த நெருக்கடி இல்லை. பசு சினையாக இருப்பதையும், ரேஷன் கடையில் விரல் ரேகை பதியாமல் இரண்டு முறை திரும்பி வந்ததையும், புது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்பதையும் அம்மா அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிடுவார். புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயின் கடைமடை எங்கள் ஊர். மேட்டூர் அணையைத் திறந்த செய்தி எனக்குப் பத்திரிகையில் கிடைத்துவிடும், எங்கள் மதகில் நீர் ஏறிய செய்தி அம்மாவிடமிருந்துதான் வரவேண்டும். 2022இல் வழக்கமான ஜூன் 12க்கு முன்பாகவே, மே 24இல், அணையைத் திறந்தார்கள். அந்த ஆண்டு அப்பா அனுப்பிய பதிவுகளில் பாதி, நாற்றங்காலுக்கு ஆள் கிடைக்காத கதைதான்.

நான் கேட்பது பெரும்பாலும் வேலையிடத்தில். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, வெட்டவெளி வேலைக்கு மதியம் 12.30 முதல் 3 மணி வரை இங்கே கட்டாய ஓய்வு உண்டு. மொட்டை மாடியில் சில்லர் என்ற குளிரூட்டும் இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கீழே நிழலில் உட்கார்ந்து கேட்பேன். 2021இல் ஒன்றரை மடங்கு, இரு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதி வந்தபோது சில வாரங்கள் அதைப் பயன்படுத்தினேன். நேரம் மிச்சமானது உண்மை. அம்மா எப்போதும் பதறிக்கொண்டே பேசுவது போல் ஒலித்ததால் விட்டுவிட்டேன். மேஸ்திரிகள் அனுப்பும் வேலைப் பதிவுகளுக்கு மட்டும் இன்றும் அந்த வேகம்தான்.

பதிவு, சொல்லாததையும் சொல்லிவிடும். 2024 ஏப்ரல் 16இல் இங்கே பெய்த மழை, அல் ஐன் பகுதியில் ஓர் இடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மி.மீ. பதிவானது, 1949இல் தொடங்கிய கணக்கில் அதுவே மிக அதிகம். நான் முழங்கால் தண்ணீரில் நின்ற கம்பெனி பஸ்ஸுக்குள் இருந்து, "இங்க லேசான மழைதான்" என்று பதிவுசெய்து அனுப்பினேன். பின்னால் கேட்ட தண்ணீர்ச் சத்தத்தையும் ஓட்டுநரின் கூச்சலையும் வைத்து அம்மா உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார். மறைப்பதற்கு எழுத்தே வசதி என்று அன்று தெரிந்துகொண்டேன்.

குறைகளில் முதன்மையானது, தேட முடியாமை. அப்பா சொன்ன பட்டா எண் எந்தப் பதிவில் இருக்கிறது என்று அறிய, ஒருமுறை இருபதுக்கும் மேற்பட்ட பதிவுகளை வரிசையாகக் கேட்டேன். எண்ணும் தேதியும் தொகையும் எழுத்தில்தான் வரவேண்டும் என்று அதன் பிறகு முடிவுசெய்தோம். தட்டச்சு செய்வது அக்காவின் பொறுப்பு.

அடுத்த குறைக்கு நானே காரணம். 2019இல் போன் உடைந்தபோது காப்புப்பிரதி எடுத்துவைக்கவில்லை. எனக்குத் தனியாக வந்திருந்த பதிவுகள் எல்லாம் போயின. குடும்பக் குழுவில் போட்டவை மட்டும் அக்காவின் போனில் பிழைத்திருந்தன. உடனே, இனி எல்லாவற்றையும் குழுவிலேயே போடுங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அது சரிப்படவில்லை. நகை அடகையும் மூட்டு வலியையும் நால்வர் கேட்கும் இடத்தில் அம்மா பேசமாட்டார். இப்போது தனிப் பதிவுகளைத் தனியாகவே பெற்றுக்கொண்டு, மாதம் ஒருமுறை அந்தக் கோப்புறையை மடிக்கணினிக்கு மாற்றிவிடுகிறேன். கோப்பின் பெயரிலேயே வந்த நாள் இருப்பதால் அடுக்குவது எளிது.

ஆனால் அக்காவிடமிருந்து திரும்பப் பெற்றவற்றுக்கு அது உதவவில்லை. மறுபடி அனுப்பியதும் எல்லாம் ஒரே தேதிக்கு மாறிவிட்டன. அவற்றில் 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரை கடந்ததற்குப் பிந்தைய நாட்களின் பதிவுகளும் உண்டு. மின்சாரம் இல்லை, ஐந்து நாட்கள் என் பதிவுகள் ஒற்றை டிக்கோடு நின்றன. ஆறாம் நாள் ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டு பேசினார்கள். அம்மாவின் பதிவுகளில் எது முந்தியது, எது பிந்தியது என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான். அப்பாவுடையவற்றில் அந்தச் சிக்கல் இல்லை. இன்லேண்ட் கடிதம் எழுதிப் பழகியவர் என்பதால், ஒவ்வொரு பதிவையும் ஊர்ப் பெயரும் தேதியும் சொல்லித்தான் தொடங்குவார். அக்காவும் நானும் அதற்காக அவரை வெகுநாள் கேலி செய்திருக்கிறோம். "இருபத்தொண்ணு பதினொண்ணு ரெண்டாயிரத்துப் பதினெட்டு. தம்பிக்கு அப்பா. இங்க எல்லாரும் சௌக்கியம். தென்னை நாப்பத்திரெண்டு போச்சு."