சுருளிப்பட்டி தோட்டத்துப் பன்னீர் திராட்சை

போன வாரம் சுருளி அருவிக்குப் போய்விட்டு வரும்போது, சுருளிப்பட்டியில் சாலையோரத் தோட்டம் ஒன்றில் பன்னீர் திராட்சை வாங்கினோம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்த பந்தல். கீழே குனிந்துதான் நடக்க வேண்டும். கொத்துகள் தலையில் இடிக்கின்றன. கருநீலப் பழத்தின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. விரல் பட்டால் அந்த இடம் மட்டும் பளபளக்கிறது.

தோலை லேசாக அழுத்தினாலே சதை வழுக்கிக்கொண்டு வாய்க்குள் வந்துவிடும். முதலில் இனிப்பு, பிறகு மெல்லிய புளிப்பு, கடைசியில் ரோஜாப்பூ வாசம். இரண்டு, மூன்று விதைகள் இருக்கும். விதையில்லாப் பழம்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. எனக்கு இந்த வாசத்துக்கு முன்னால் விதை ஒரு பொருட்டே இல்லை.

மஸ்கட் ஹாம்பர்க் என்ற இந்த ரகம் ஒயினுக்கும் ஏற்றது. மகாராஷ்டிரத்தின் நாசிக் பக்கம் திராட்சை வருடத்துக்கு ஒரு அறுவடைதான். சுருளிப்பட்டி இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கிலோ இருபுறமும் மலை, கடுங்குளிர் கிடையாது, முல்லைப் பெரியாறு தண்ணீரும் உண்டு. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து செய்யும், அதாவது கிளைகளை வெட்டிவிடும், மாதத்தை மாற்றிக்கொள்வதால் வருடம் முழுக்கப் பழம் வருகிறது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

குறை ஒன்று உண்டு. மூன்று கிலோவையும் ஒரே பாலித்தீன் பையில் திணித்துக் கொடுத்துவிட்டார்கள். மதுரை வந்து சேர்வதற்குள் அடியில் இருந்தவை நசுங்கிச் சாறாகிவிட்டன. தோல் அவ்வளவு மெல்லிசு. போகிறவர்கள் அட்டைப்பெட்டி கொண்டுபோங்கள், இரண்டே நாளில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.