கொடைக்கானலில் "1985 ஜெட்ஃபயர்" வாங்கப் போகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

பழைய ரோபோ பொம்மைகள் சேர்க்கிறவர்களுக்கும், சீசனில் மலையேறி வந்து பழம்பொருள் கடைகளில் நுழைகிறவர்களுக்கும் இந்தப் பதிவு. கொடைக்கானலில் ஒரு கடைக்காரர், விமானமாக மாறும் ரோபோ பொம்மைகளைப் போலிப் பெட்டியில் வைத்து சீல் ஒட்டி, 1985-இன் அசல் ஜெட்ஃபயர் என்று விற்கிறார். என்னிடம் 42,000 ரூபாய் வாங்கிவிட்டு, கையில் கிடைத்ததைப் பார்த்துத் திரும்பப் போனபோது பணம் தர முடியாது என்றார். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அது முடியும்வரை கடையின் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருப்பதால் எழுதவில்லை. அவர் எப்படிச் செய்கிறார் என்பதை மட்டும் முழுதாக எழுதுகிறேன். இதே வேலையை ஊட்டியிலோ சென்னையிலோ இன்னொருவர் செய்தாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியும்.

இந்த ஏமாற்று நடப்பதற்கு அந்தப் பொம்மை பிறந்த விதமே இடம் கொடுக்கிறது. 1982-இல் ஜப்பான் தொலைக்காட்சியில் மேக்ராஸ் என்ற அனிமே தொடர் ஓடியது. அதில் வரும் விஎஃப்-1 வால்கிரி என்ற போர் விமானத்தை வடிவமைத்தவர் ஷோஜி கவாமோரி. அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 டாம்கேட்டை ஒட்டிய உருவம்; இறக்கை முன்னும் பின்னும் மடியும். முழு விமானம், விமானத்துக்குக் கையும் காலும் முளைத்த நடுநிலை, முழு ரோபோ என்று மூன்று நிலைகள். டகாடோகு என்ற ஜப்பான் கம்பெனி இதை 1/55 அளவில் பொம்மையாக்கியது. உள்ளே உலோகம், வெளியே பிளாஸ்டிக், கையில் எடுத்தால் நல்ல கனம். 1984-இல் டகாடோகு திவாலாகி, அச்சுகள் பண்டாய் என்ற இன்னொரு ஜப்பான் பொம்மைக் கம்பெனியின் கைக்குப் போயின. அதே அச்சில் வார்த்த பொம்மையைத்தான் 1985-இல் அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ கம்பெனி டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற உருமாறும் ரோபோ வரிசையில் சேர்த்து ஜெட்ஃபயர் என்று விற்றது. பண்டாய் தன் பங்குக்கு மேக்ராஸ் பெயரிலேயே 2000-களின் தொடக்கம்வரை பலமுறை மறுவெளியீடு செய்தது.

ஆக, ஒரே அச்சில் மூன்று பெயரில் பொம்மைகள் இருக்கின்றன. வடிவத்தை வைத்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்கேலை வைத்து அளந்தாலும் பயனில்லை. எல்லாம் மூக்கிலிருந்து வால்வரை சுமார் 26 சென்டிமீட்டர்தான். ஆனால் விலை ஒன்றல்ல. ஹாஸ்ப்ரோ அந்தப் பழைய அச்சை அதன்பின் மறுவெளியீடு செய்ததே இல்லை. அதனால் பெட்டியோடு, எல்லாப் பாகங்களோடும் இருக்கிற 1985 பீஸ் அபூர்வம். பண்டாய் மறுவெளியீட்டுக்கும் அதற்கும் இடையில் உள்ள அந்த விலை வித்தியாசத்தில்தான் இந்த வியாபாரி பிழைக்கிறார்.

எனக்கு இந்தப் பொம்மை மேல் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. ஒரு முழு பீஸைப் பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். சேகரிப்பாளர் நண்பர் ஒருவர் மூலம் அந்தக் கடைக்காரரே என்னைத் தேடி வந்தார். அவர் சொன்ன கதை இந்த ஊரைச் சேர்ந்தது என்பதால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

"தம்பி, இது வெளியூர் சரக்கு இல்ல. இங்க ஸ்கூல்ல படிச்ச அமெரிக்கப் பையனோடது. பாதிரியார் குடும்பம். ஊருக்குத் திரும்பறப்ப ட்ரங்க் பெட்டியோட பங்களாவிலேயே விட்டுட்டுப் போயிட்டாங்க. வாட்ச்மேன் வீட்டுல நாப்பது வருஷமா அப்படியே கெடந்துச்சு."

1901-இலிருந்து அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகள் படிக்கப் பள்ளி இருந்த ஊர் இது. திரும்பிப் போன குடும்பங்களின் மேசை, நாற்காலி, புத்தகம், கிராமபோன் எல்லாம் உண்மையாகவே இங்கே பல வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவர் கதை கட்டியது நிஜத்தின் மேல். அப்படி உண்மையாகவே வந்த பொருள்களை வைத்திருப்பவர்களை இனி யார் நம்புவார்கள்? எனக்கு விழுந்த பண நஷ்டத்தைவிட இதுதான் மனதை உறுத்துகிறது.

பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். "சீல் உடைஞ்சா பாதி விலை போயிடும் தம்பி, நீங்க சேக்கிறவரு, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். சேகரிப்பாளர் மத்தியில் இது நியாயமான பேச்சு என்பதால் அவருக்கு வசதியாகிவிட்டது. பில் கேட்டேன். ஜிஎஸ்டி பில் இல்லை என்று ஒரு எஸ்டிமேட் சீட்டை நீட்டினார். அதில் "1985 ஜெட்ஃபயர், அசல், முழு செட்" என்று அவர் கையாலேயே எழுதி வாங்கினேன். பணத்தை யுபிஐயில் போட்டேன், ரொக்கமாகக் கொடுக்கவில்லை. இந்த இரண்டும்தான் இப்போது புகாருக்குத் துணையாக நிற்கின்றன.

வீட்டில் பெட்டியை வெளிச்சத்தில் வைத்ததுமே இடித்தது அதன் புதுசுதான். கொடைக்கானலில் குடியிருக்கிற யாரையும் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரிக்குள் இருக்கும் துணி பூசணம் பூக்கும். ஆல்பத்துக்குள் போட்டோ ஒட்டிக்கொள்ளும். வெள்ளிப்பூச்சி புத்தக அட்டையைச் சுரண்டித் தின்னும். இந்த மலையில் ஒரு வாட்ச்மேன் வீட்டில் நாற்பது வருடம் கிடந்த அட்டைப் பெட்டியில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லை என்றால் அது நாற்பது வருடம் இங்கே இருக்கவில்லை. சீலை உடைத்தேன், முழுதும் வீடியோ எடுத்துக்கொண்டே. பொம்மையின் திருகாணி எல்லாம் பளபள என்று மின்னியது. ஈரக்காற்றில் கிடந்த இரும்புத் திருகாணியின் தலையில் கொஞ்சமாவது துரு ஏறியிருக்க வேண்டாமா?

பெட்டியை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கினேன். அங்கே கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற ஒரு அண்ணன் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸை வைத்து அட்டையைப் பார்த்தார். அச்சகத்தில் ஆஃப்செட்டில் அடித்த படத்தை லென்ஸில் பார்த்தால் நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், சின்னச் சின்ன வட்டங்களாகக் கூடி நிற்கும். இன்க்ஜெட் பிரிண்டரில் அடித்ததில் புள்ளிகள் வரிசை இல்லாமல் தெளித்துவிட்ட மாதிரி இருக்கும். "வரிசையே இல்லப்பா, இது கம்ப்யூட்டர்ல ஸ்கேன் பண்ணி அடிச்சது" என்றார் அவர். எண்பதுகளின் பொம்மைப் பெட்டி எதுவும் இன்க்ஜெட்டில் அடிக்கப்பட்டதல்ல. பெட்டி விஷயம் அத்தோடு முடிந்தது.

பொம்மைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களிடையே அரைகுறை விதிகள் நிறையச் சுற்றுகின்றன. "பண்டாய் என்று அச்சு இருந்தால் போலி" என்பது அதில் ஒன்று. அது சரியல்ல. ஹாஸ்ப்ரோ விற்ற ஜெட்ஃபயர்களிலேயே டகாடோகு பெயர் பொறித்தவையும் உண்டு, பண்டாய் பெயர் பொறித்தவையும் உண்டு. முதலில் வந்தவற்றின் உடம்பில் மேக்ராஸின் காற்றாடிப் பட்டம் போன்ற முத்திரை இருக்கும். பிறகு வந்தவற்றில் அதற்குப் பதில் ஆட்டோபாட் முகம், அதாவது டிரான்ஸ்ஃபார்மர்ஸில் நல்லவர்கள் அணியின் சின்னம். எல்லாமே அசல்தான். "வெள்ளையாக இருந்தால் போலி" என்பதும் முழு உண்மையல்ல. இந்தப் பொம்மையின் வெள்ளை பிளாஸ்டிக் வருடங்கள் போகப் போக மஞ்சளாவது வழக்கம். இருட்டில் வைத்தாலும் மஞ்சள் ஏறுவதுண்டு. ஆனால் ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வெளுத்தது அசல் பீஸாகவே இருக்கலாம், ஆனால் மஞ்சள் திரும்ப வரும். வெளுத்ததைச் சொல்லாமல் "தொடாத சரக்கு" என்று விற்பதும் ஏமாற்றுதான்.

என் பீஸில் மாட்டிக்கொடுத்தது பெயின்ட். வால் துடுப்பைச் சாய்த்து டார்ச் அடித்தபோது வெள்ளைப் பூச்சுக்கு அடியில் ஏதோ ஒரு விளிம்பு மேடாகத் தெரிந்தது. நகத்தால் மெல்லச் சுரண்டினேன். ஒரு மண்டையோட்டின் கண்குழி வெளியே வந்தது. மேக்ராஸ் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: மண்டையோடும் குறுக்கெலும்பும் அந்தத் தொடரில் ராய் ஃபோக்கர் என்ற விமானி ஓட்டும் விஎஃப்-1எஸ் விமானத்தின் வாலில் இருக்கும் சின்னம். ஜெட்ஃபயரில் அது கிடையவே கிடையாது. உடம்பில் சிவப்புக் கோடு போட்ட இடத்திலும் சுரண்டினேன். அடியில் ராயின் கறுப்பும் மஞ்சளும். ராயின் விமானத்துக்கும் ஜெட்ஃபயருக்கும் நான்கு லேசர் துப்பாக்கி வைத்த அதே தலை என்பதால் கடைக்காரருக்கு வேலை சுலபம். ஒரு நல்ல பண்டாய் மறுவெளியீட்டை, அதுவாகவே ஒருவர் ஆசையாக வைத்திருக்கக்கூடிய ராய் ஃபோக்கர் வால்கிரியை, பெயின்ட் பூசிக் கெடுத்திருக்கிறார் அந்த மனிதர்.

அடுத்தது முதுகிலும் காலிலும் மாட்டும் சிவப்பு பூஸ்டர்கள். அசல் ஜெட்ஃபயரில் முதலில் தொலைவது இந்தக் கழற்றும் பாகங்கள்தான், அதனால் அவற்றுக்கே தனி விலை உண்டு. என்னுடையதில் அவை மாட்டிய இடத்தில் நிற்கவில்லை. லேசாகச் சாய்த்தாலே கழன்று விழுந்தன. கோயம்புத்தூர் நண்பர் வீடியோ காலில் பார்த்துக் காரணம் சொன்னார். கம்பெனி அச்சு கையில் இல்லாதவன், ஒரு பாகத்தையே மாதிரியாக வைத்து அச்செடுப்பான். அதில் வார்க்கும் பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். அதனால் நகல் எப்போதும் அசலைவிட ஒரு நூல் சிறுத்திருக்கும், கொக்கி பிடிக்காது. ஓரத்தில் பிசிறு, மேலே எண்ணெய் பூசின மாதிரி ஒரு மினுமினுப்பு. ஆக எனக்கு வந்தது பெயின்ட் அடித்த பண்டாய் உடம்பு, நகல் பூஸ்டர்கள், பிரிண்டர் பெட்டி.

திரும்பக் கொண்டுபோனேன். கடைக்காரர் பொம்மையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சீல் உடைச்சிட்டீங்களே தம்பி, இனி நான் எப்படி எடுத்துக்கிறது?" என்றார். சீலை உடைக்காமல் போலி என்று எப்படி அண்ணே தெரியும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வீடியோவைக் காட்டியதும் குரல் இறங்கியது. உள்ளேயிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து வந்தார். முழுக்க ஜப்பான் எழுத்து. "இது ஜப்பான் டகாரா கம்பெனியே 1985-ல போட்ட ஜெட்ஃபயர். அதைவிட உசத்தி. பத்தாயிரம் மட்டும் மேல போட்டுக் கொடுங்க, மாத்திக்கலாம்."

அப்படி ஒரு பெட்டி உலகத்திலேயே இருந்ததில்லை. டிரான்ஸ்ஃபார்மர்ஸை ஜப்பானில் விற்றது டகாரா என்பது உண்மை. ஆனால் இந்த அச்சு அதன் போட்டிக் கம்பெனியான பண்டாயிடம் இருந்ததால், டகாரா அன்று ஜப்பானில் ஜெட்ஃபயரை வெளியிடவே இல்லை. இந்த உரிமைச் சிக்கலால்தான் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனில்கூட அந்தப் பாத்திரத்துக்கு ஸ்கைஃபயர் என்று பெயரையும் உருவத்தையும் மாற்றினார்கள். எனவே "டகாரா 1985 ஜெட்ஃபயர்" என்று யார் எதைக் காட்டினாலும், பெட்டியைத் திறக்கவே வேண்டாம், லென்ஸும் வேண்டாம். ஒரு தரம் மாட்டிக்கொண்ட மனிதர் அதே நிமிடத்தில் இன்னொரு போலியை நீட்டியதைப் பார்த்த பிறகுதான் புகார் கொடுப்பதென்று முடிவெடுத்தேன். தெரியாமல் விற்றுவிட்டார் என்று அதுவரை ஒரு ஓரத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புது ஜெட்ஃபயர்களைப் பற்றி இடையில் சிலர் கேட்டதால் ஒரு வார்த்தை: ஹாஸ்ப்ரோவின் 2006 கிளாசிக்ஸ், 2014 ஜெனரேஷன்ஸ், பிறகு வந்த சீஜ் வரிசை ஜெட்ஃபயர் எல்லாம் தனித்தனிப் புது அச்சுகள். பழையதோடு குழப்பிக்கொள்ள வழியே இல்லை. அலமாரியில் வைத்து அழகு பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு சீஜ் போதும். கார்ட்டூன் உருவத்துக்கு அதுதான் நெருக்கம், ஜாயிண்டுகளும் உறுதி. பழைய அச்சின் கனமும் இரும்புச் சத்தமும் வேண்டுமென்றால், பண்டாய் மறுவெளியீட்டை அதன் சொந்தப் பெயரிலேயே வாங்குங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

இதுபோல் மாட்டிக்கொண்டவர்கள் பொம்மை விஷயம்தானே என்று வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். பில் தர மறுப்பதும், பழுதான பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்றே சட்டம் சொல்கிறது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்தேன். கடைக்காரர் பதில் தராததால் திண்டுக்கல் மாவட்ட ஆணையத்துக்குப் போனேன். 5 லட்சம் ரூபாய்வரை உள்ள புகாருக்குக் கட்டணம் கிடையாது. வெளியூரிலிருந்து வந்து வாங்கியவர்கள் இதற்காக மறுபடி மலையேற வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். எஸ்டிமேட் சீட்டு, யுபிஐ ரசீது, சீல் உடைக்கும்போது எடுத்த வீடியோ, சுரண்டிய இடத்தின் படங்கள், இவற்றைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். பொம்மையை அதற்குமேல் சுரண்டாமல், துடைக்காமல், அப்படியே வைத்திருக்கிறேன்.

இந்த சீசனில் கொடைக்கானலில் யாராவது உங்களிடம் சீல் வைத்த ஜெட்ஃபயர் பெட்டியையோ ஜப்பான் எழுத்துப் பெட்டியையோ நீட்டினால் வாங்காதீர்கள். முடிந்தால் பெட்டியின் நான்கு பக்கமும் தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் வால் துடுப்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். மண்டையோடு தெரிந்தால் படத்தோடு எனக்கு எழுதுங்கள். என் புகாரோடு உங்கள் புகாரும் சேர்ந்தால், ஒரே ஆள் ஒரே முறையில் பலரிடம் செய்திருக்கிறார் என்பதை ஆணையத்தின் முன் வைக்க முடியும்.