க்யூஜிஐஎஸ் நல்லாத்தான் இருக்கு, இந்த ஷேப்ஃபைல் தான் உயிரை வாங்குது

தொல்லியல் படிக்கிற ஃப்ரெண்ட் ஒருத்தன் கம்ப்யூட்டர்ல எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்னு கேட்டான். மேப் போடற சாஃப்ட்வேர் க்யூஜிஐஎஸ் (QGIS) போடுடான்னு டைப் பண்ணிட்டு இருக்கும்போதே இன்னொருத்தர்கிட்டேர்ந்து மெயில், அகழாய்வுக் குழி மேப்பாம், தொறந்தா ஷேப்ஃபைல்ங்கிற மேப் ஃபார்மேட்டோட ஒரு துண்டான எஸ்ஹெச்பி (.shp) ஃபைல் மட்டும். அந்தக் கடுப்போடதான் இதை எழுதறேன்.

முதல்ல நல்லதை சொல்லிடறேன். இலவசம், 2002லேர்ந்து வளர்ந்துட்டு வர்ற சாஃப்ட்வேர். பழைய சீசன்ல கிராஃப் ஷீட்ல கையால வரைஞ்ச ப்ளானை ஸ்கேன் பண்ணி, படத்தை நிஜ இடத்தோட பொருத்தற ஜியோரெஃபரன்சர்ல குழியோட மூலைகளுக்கு அளவு குடுத்தா சரியா அதோட இடத்துல போய் உக்காருது. ஒரு குழியில பாதியோட நின்ன சுவர், வேற வருஷம் தோண்டின பக்கத்துக் குழி சுவரோட ஒரே கோட்டுல சேர்றதை ஸ்க்ரீன்ல பாக்கணும், ரெண்டும் தனித்தனி தாள்ல இருந்தவரைக்கும் அது கண்ணுலயே பட்டிருக்காது. இதுக்காகவே கத்துக்கலாம்.

ஆனா ஷேப்ஃபைல் இருக்கே. பேருதான் ஒரு ஃபைல், வடிவத்துக்கு எஸ்ஹெச்பி, இண்டெக்ஸுக்கு எஸ்ஹெச்எக்ஸ், தகவல் அட்டவணைக்கு டிபிஎஃப்னு குறைஞ்சது மூணு சேர்ந்து வரணும், பிஆர்ஜே ஃபைல் இல்லன்னா இடத்தை எண்ணால குறிக்கிற எந்த ஆயத்தொலைவு முறைன்னே தெரியாது, பூமியைப் பட்டை பட்டையா பிரிக்கிற யுடிஎம் முறையில ஸோன் மாத்தி குடுத்தா குழி பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போயிடும். டிபிஎஃப் இல்லன்னா கோடு மட்டும் வரும், எது எந்த மண்ணடுக்குன்னு ஒரு தகவலும் இருக்காது. இன்னைக்கு எனக்கு வந்தது அதுதான்.

அந்த டிபிஎஃப் அட்டவணைல ஒரு பத்தியோட (column) பேருக்கு 10 பைட் தான் இடம். யுடிஎஃப்-8ங்கிற எழுத்துக் குறியீட்டு முறையில தமிழ் எழுத்தும் புள்ளியும் ஒவ்வொண்ணும் 3 பைட் எடுத்துக்கும், அப்ப மண்ணடுக்குன்னு வச்சாலும் மண்பாண்டம்னு வச்சாலும் மிஞ்சறது "மண்" தான். சிரிப்பா இருக்குல்ல, எனக்கு வரல.

இதைவிட மோசம் காலி கட்டம். ஆழம் அளக்கலன்னு காலியா விட்டதை சில சாஃப்ட்வேர் 0ன்னு படிச்சுக்கும். நம்ம வேலையில அளக்காததும் 0 மீட்டரும் ஒண்ணா? அடியில கிடந்த பானை ஓடு மேல்மட்டத்துக்கு வந்துடும், அப்புறம் மண்ணடுக்கு வரிசையே தப்பு.

இத்தனைக்கும் ஷேப்ஃபைலுக்குப் பதிலா ஜியோபேக்கேஜ்ங்கிற ஃபார்மேட் 2014லேயே வந்தாச்சு, எல்லாம் ஒரே ஃபைல், க்யூஜிஐஎஸ்சும் இப்ப அதுலதான் முதல்ல சேவ் பண்ண சொல்லுது. நாம மாறினாலும் அனுப்பறவங்க மாறணுமே.

மார்க் கேட்டா அஞ்சுக்கு ரெண்டு. க்யூஜிஐஎஸ் மேல தப்பு இல்லன்னு தெரியும், அந்த மனுஷன் முதல்ல மீதி ஃபைலை அனுப்பட்டும், அப்புறம் மார்க்கை ஏத்திக்கலாம்.