மைக் முன்னால் பிரெஞ்சு: ஊரிலா, மொன்றியலிலா?

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. வின்னிபெக் நகரின் சென் போனிஃபாஸ் பகுதிதான் அவர்களுக்கு மையம். அங்கே வளர்ந்த பிள்ளைக்கு வானொலி அறிவிப்பாளராகும் ஆசை வந்தால் மூன்று இடங்கள் உண்டு: பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மையாக உள்ள கியூபெக் மாகாணத்தின் பெருநகரமான மொன்றியல், பொது ஒலிபரப்பு நிறுவனமான ரேடியோ கனடாவின் வட்டார நிலையம், உள்ளூர் மக்களே நடத்தும் சமூக வானொலி.

முதலில் மொன்றியல். இதற்குச் சரியான உதாரணம் ஆன்றி பெர்ஷெரோன். மனிடோபாவின் சென் லூப்பிசென் என்ற சிற்றூரில் 1925-இல் பிறந்தவர். 1946-இல் சென் போனிஃபாஸில் சிகேஎஸ்பி என்ற பிரெஞ்சு வானொலி நிலையம் தொடங்கியபோது அங்கே அறிவிப்பாளரானார். 1952-இல் மொன்றியல் போனார். அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய கனடாவின் பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் முதல் அறிவிப்பாளர் அவர்தான். பேரும் புகழும் வேண்டுமென்றால் இன்றும் அதே வழிதான். ஆனால் அங்கே நீங்கள் பேசுவது பெரும்பான்மையினரிடம். சொந்த ஊரில் பள்ளிக்கூடம் மூடப்பட்டால், அது அங்கே ஒரு வரிச் செய்தி.

இரண்டாவது, வட்டார நிலையம். இதற்குச் சிகேஎஸ்பியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மனிடோபா அரசு 1916-இல் பள்ளிகளில் இருமொழிக் கல்வியை ஒழித்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, மக்கள் தாங்களே நிதி திரட்டித் தொடங்கிய நிலையம் அது. பள்ளியில் இடமில்லாத மொழி வீட்டுக்குள் வானொலி வழியாக வந்தது. அப்படிப்பட்ட நிலையத்தில் அறிவிப்பாளர் என்பவர் வெறும் குரல் இல்லை, ஊருக்கே உறவுக்காரர். 1973-இல் நிலையம் ரேடியோ கனடா வசம் போனது. அதனால் நிரந்தர வேலை, ஒழுங்கான சம்பளம், நல்ல பயிற்சி எல்லாம் கிடைத்தன. பிழைப்பு என்று பார்த்தால் மூன்றில் இதுதான் முதலிடம்.

குறையும் உண்டு. பணம் குறைந்தால் கத்தி முதலில் விழுவது சிறுபான்மையினரின் நிலையங்கள் மேல்தான். ஒன்டாரியோ மாகாணத்தின் விண்ட்சரில் ரேடியோ கனடாவின் சிபிஇஎஃப் நிலையத்துக்கு 2009-இல் அதுதான் நடந்தது. உள்ளூர் நிகழ்ச்சிகளைப் பெருமளவு வெட்டிவிட்டார்கள். நேயர்கள் குழு அமைத்து நீதிமன்றம் வரை போனார்கள்.

அப்புறம் சமூக வானொலி. சென் போனிஃபாஸில் 1991-இல் தொடங்கிய ஆன்வோல் 91 இந்த வகை. சம்பளம் குறைவு, ஆளும் குறைவு. காலையில் செய்தி வாசித்தவரே மதியம் விளம்பரம் பிடிக்கப் போவார், மாலையில் தன்னார்வலருக்கு ஒலிக்கலவை மேசையைக் கையாளக் கற்றுக்கொடுப்பார். ஆனால் வேறெங்கும் கிடைக்காத ஒன்று இங்கே உண்டு: வீட்டில் பேசுகிற பிரெஞ்சையே மைக்கில் பேசலாம். நோவா ஸ்கோஷியாவின் சென் மாரி விரிகுடாவில் உள்ள சிஃபா வானொலியில் அறிவிப்பாளர்கள் அகடியன் எனப்படும் அந்தப் பகுதிப் பிரெஞ்சு மக்களின் வட்டார வழக்கிலேயே பேசுகிறார்கள். பாட்டி பேசியதைக் கொச்சை என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

என்னைக் கேட்டால், சமூக வானொலியில் தொடங்குங்கள். எல்லா வேலையும் கைக்கு வந்துவிடும். குடும்பம், வீட்டுக் கடன் என்று வந்தபின் ரேடியோ கனடாவின் வட்டார நிலையத்துக்கு மாறலாம். மொன்றியல் எனக்குக் கடைசிதான். அங்கே நல்ல குரலுக்குப் பஞ்சமில்லை, சென் போனிஃபாஸில்தான் பஞ்சம் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் கையெழுத்துப் போடுமுன் ஒன்றைக் கேளுங்கள்: காலை நிகழ்ச்சி உள்ளூரில் தயாராகிறதா, இல்லை வேறு நகரத்திலிருந்து வருகிறதா? வெளியிலிருந்து வருகிறது என்றால் அந்த வேலையை நம்பி வீடு வாங்காதீர்கள்.