கொள்ளளவைக் கூட்டுவதா, சுழற்சியைக் கூட்டுவதா?

கார் எஞ்சினின் திறனைக் கூட்ட இரண்டு வழிகள்: சிலிண்டர்களின் கொள்ளளவைப் பெரிதாக்கலாம், அல்லது எஞ்சினை வேகமாகச் சுற்றவிடலாம். 1999-இல் வந்த ஹோண்டா எஸ்2000 காரின் எஞ்சின் கொள்ளளவு 1,997 சிசி. அமெரிக்காவில் விற்ற காரில் அது 8,300 ஆர்.பி.எம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்றுகள்) 240 குதிரைத்திறன் தந்தது. அதே காலத்து செவ்ரோலே கார்வெட் சி5-இன் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினோ 5,665 சிசி, 5,600 ஆர்.பி.எம்மில் 345. லிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பவர்கள் ஹோண்டாவுக்கு 120, கார்வெட்டுக்கு 61 என்று சொல்லிப் பின்னதைக் கேலி செய்வார்கள். அந்தக் கணக்கில் எனக்கு எப்போதும் ஒரு நெருடல் உண்டு.

குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையையும் (எஞ்சின் தன் தண்டைத் திருகும் விசை) சுழற்சியையும் பெருக்கி வருவது. முறுக்குவிசையின் அலகான நியூட்டன் மீட்டரை ஆர்.பி.எம்மால் பெருக்கி 7,121-ஆல் வகுத்தால் விடை கிடைத்துவிடும். முறுக்குவிசையைப் பெரும்பாலும் கொள்ளளவு தீர்மானிக்கிறது. ஆகவே லிட்டர் கணக்கில் ஹோண்டாவுக்குக் கிடைக்கும் இரட்டிப்புப் பெருமையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு, வேகமாகச் சுற்றியதால் வந்தது. சுழற்சியை ஒதுக்கிவிட்டு, உச்ச முறுக்குவிசையை மட்டும் லிட்டரால் வகுத்துப் பாருங்கள்: ஹோண்டா 104 நியூட்டன் மீட்டர், கார்வெட் 84. இரு மடங்கு இடைவெளி கால் பங்காகச் சுருங்கிவிடுகிறது. மிஞ்சிய அந்தக் கால் பங்குதான் ஹோண்டா பொறியாளர்களின் உண்மையான கைவண்ணம். சிலிண்டருக்கு நான்கு வால்வுகள், எரியும் முன் கலவையை 11-இல் 1 பங்காக நசுக்கும் அழுத்த விகிதம், ஏறத்தாழ 6,000-ஐத் தாண்டியதும் வால்வுகளை அதிகமாகத் திறக்கும் விடெக் அமைப்பு எல்லாம் சேர்ந்து, காற்றை நன்றாக உள்ளிழுக்கவும், எரிப்பிலிருந்து அதிக விசை எடுக்கவும் வைத்தன.

இரண்டு வழிகளையும் ஒப்பிட ஆகச் சிறந்த சாட்சி ஹோண்டாவேதான். 2004-இல் அமெரிக்கச் சந்தைக்கான எஸ்2000-இல் பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரத்தை 84 மி.மீட்டரிலிருந்து 90.7-ஆக நீட்டி, கொள்ளளவை 2,157 சிசியாக்கினார்கள். திறன் அதே 240. ஆனால் 7,800 ஆர்.பி.எம்மிலேயே கிடைத்தது. கொள்ளளவு 8 சதவீதம் ஏறியது, சுழற்சி 6 சதவீதம் இறங்கியது. காகிதத்தில் எதுவும் மாறவில்லை. முறுக்குவிசை மட்டும் 207 நியூட்டன் மீட்டரிலிருந்து 220-க்கு உயர்ந்தது.

சுழற்சியை ஏன் அப்படியே விட்டுவைக்கவில்லை? பழைய எஞ்சின் 9,000-இல் ஓடும்போது பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 25 மீட்டர். நீட்டிய பிறகும் அதே 9,000 என்றால் 27-ஐத் தாண்டும். சுழற்சி இரட்டித்தால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் இணைப்புத் தண்டை இழுக்கும் விசை நான்கு மடங்காகும் என்பதால் இதில் விளையாட முடியாது. 18,000 ஆர்.பி.எம்மில் அலறிய 2.4 லிட்டர் ஃபார்முலா 1 எஞ்சின்களிலும் பிஸ்டன் வேகம் 24 மீட்டர்தான். அவற்றின் பிஸ்டன் நகர்ந்த தூரம் 40 மி.மீட்டருக்குள் அடக்கம்.

சுழற்சி கட்சிக்காரர்களுக்கு ஒரு நியாயமும் உண்டு. வேகமாகச் சுற்றும் எஞ்சினுக்குக் குறுகிய கியர் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் அதிகம் சுற்றும்படி) கொடுத்தால், சக்கரத்தில் முறுக்குவிசை மீண்டும் பெருகிவிடும். ஒரே சாலை வேகத்தில், ஒரே திறனில், சக்கரம் தரையைத் தள்ளும் விசையும் ஒன்றே. ஆனால் ஓட்டுநர் எப்போதும் உச்சத்தில் இருப்பதில்லையே! ஐந்தாம் கியரில் சாவகாசமாகப் போகும்போது முன்னால் ஒரு லாரி. கார்வெட்டில் மிதியை அழுத்தினால் போதும். பழைய எஸ்2000-இல் இரண்டு கியர் இறக்கி, ஆர்.பி.எம் முள் 6,000-ஐத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பையே சுகம் என்பவர்களும் இருக்கிறார்கள்; நான் அந்தக் கட்சி இல்லை.