பராமரிக்காத படகின் பழுதை ‘வானிலை’ என்று எழுதிப் பணத்தை வைத்துக்கொண்டார்கள்

ஒரு படகுத்துறையிலிருந்து அடுத்த படகுத்துறைக்குக் கரையோரமாக ஒரு பகல் முழுவதும் செல்வதற்காக, கேப்டனுடன் கூடிய தனியார் படகு ஒன்றைக் குடும்பத்தோடு வாடகைக்கு எடுத்திருந்தோம். பாதி வழியில் இயந்திரம் நின்றுபோய், இன்னொரு படகு இழுத்துவர, புறப்பட்ட துறைக்கே திரும்பினோம். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, மோசமான வானிலையால் கைவிடப்படும் பயணத்துக்குப் பணம் கிடையாது என்னும் ஒப்பந்த விதியைக் காட்டி வாடகை நிறுவனம் கைவிரித்துவிட்டது.

அன்று வீசியது, காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபர்ட் அளவையில் 4, அதாவது 11 முதல் 16 நாட் (மணிக்குச் சுமார் 20 முதல் 30 கி.மீ.) வேகக் காற்று. முன்னறிவிப்பும் அதையே சொல்லியிருந்தது. கேப்டன் அதைப் பார்த்த பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார். திறந்த கடலில் செல்வதற்கென்றே விளம்பரம் செய்யப்படும் படகுக்கு இது மோசமான வானிலை என்றால், அந்தப் படகு துறையை விட்டு நகரவே கூடாது.

முனையைத் தாண்டி அலை ஏறத் தொடங்கியதும் இயந்திரம் திணறி நின்றது. கேப்டன் எரிபொருள் வடிகட்டியைக் கழற்றினார். அடிக்கிண்ணம் முழுக்கக் கறுத்த கூழும் நீரும். டீசல் தொட்டி அரைகுறையாக நிரம்பிய நிலையில் நெடுநாள் கிடந்தால், உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். நீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிப் பிசுபிசுப்பான படிவை உண்டாக்கும். படகு துறையில் அசையாமல் நிற்கும்வரை அந்தப் படிவால் தொல்லை இல்லை. அலையில் தொட்டி குலுங்கியதும் அது கலங்கி வடிகட்டியை அடைத்துவிடும். அலை பழுதைக் காட்டிக்கொடுத்ததே தவிர, உண்டாக்கவில்லை. மாற்று வடிகட்டி ஒன்று கையில் இருந்திருந்தால் அங்கேயே சரிசெய்திருக்கலாம். அது படகில் இல்லை.

அதைவிட அச்சமூட்டியது நங்கூரம். காற்று எங்களைப் பாறைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. நங்கூரம் பிடிக்க வேண்டுமானால் ஆழத்தைப் போல நான்கைந்து மடங்கு சங்கிலியாவது விட வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அது 40 முதல் 50 மீட்டர். இந்தப் படகின் சங்கிலி அதில் பாதிகூட வரவில்லை, நங்கூரம் தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது. படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். வானொலியில், ஆபத்து அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் கேப்டன் உதவி கேட்டபோது குரல் விட்டுவிட்டுத்தான் போனது; அருகில் சென்ற ஒரு படகு அதைக் கேட்டு வந்தது எங்கள் நல்லூழ். (குழந்தைகளுக்குத் தரப்பட்ட உயிர்காப்பு அங்கிகள் பெரியவர்களுக்கானவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்; தண்ணீரில் விழுந்தால் அவை தலைவழியே கழன்றுவிடும்.)

இத்தனைக்கும் பிறகு இழுவைக் கட்டணத்தையும் எங்கள் பிணைத்தொகையிலிருந்து கழித்துக்கொண்டார்கள். நான் வடிகட்டியின் படங்களையும், இழுத்துவந்தவர் ‘இயந்திரக் கோளாறு’ என்று எழுதிக் கையொப்பமிட்ட சீட்டையும் அனுப்பினேன். அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது. அதே படகில், அதே தொட்டியோடு! வேண்டாமென்று எழுதிவிட்டுத் துறைமுக அதிகாரிகளிடம் புகார் கொடுத்திருக்கிறோம். விசாரணை இன்னும் முடியவில்லை.

படகு எடுக்க எண்ணியிருப்பவர்கள், இயந்திரக் கோளாறால் பயணம் நின்றால் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும், இழுவைச் செலவு உரிமையாளருடையது என்னும் இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள். ‘மோசமான வானிலை’ என்பது எத்தனை நாட் காற்றிலிருந்து தொடங்குகிறது என்பதையும் எண்ணால் குறிக்கச் சொல்லுங்கள். கயிற்றை அவிழ்க்கும் முன் மாற்று வடிகட்டியையும் நங்கூரச் சங்கிலியின் நீளத்தையும் காட்டச் சொல்லுங்கள். வானொலியில் துறையை அழைத்துப் பேசிக் காட்டவும் சொல்லுங்கள். முகம் சுளிக்கும் கேப்டனோடு கடலுக்குள் போக வேண்டாம்.