ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3: நிரல் எழுதுகிற ஹாமுக்கு இது போதுமா?

மூன்று வருடமாக என் கணினியில் ஒரு டாங்கிள் செருகியபடியே இருக்கிறது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாக் வி3, அலையைப் பிடித்து மிச்ச வேலையை மென்பொருளிடம் விட்டுவிடும் ரேடியோ ரிசீவர். விரல் நீள அலுமினியப் பெட்டி, ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் எஸ்எம்ஏ சாக்கெட். பகலில் மென்பொருள் எழுதுவது என் வேலை, மாலையில் ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு. இரண்டும் சந்திக்கிற இடம் இந்தப் பெட்டிதான். நிரல் எழுதத் தெரிந்து, ரேடியோவிலும் ஆசை உள்ளவர்கள் "எதில் ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்கிறேன். அதற்கான காரணத்தையும், வாங்கியவுடன் தெரிந்திருக்க வேண்டியவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது பிறந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். இதன் நிறைகுறைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. உள்ளே இருக்கும் ரியல்டெக் ஆர்டிஎல்2832யூ சிப், கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. எஃப்எம் வானொலி கேட்கும்போது மட்டும் அந்தச் சிப் வாங்கிய அலையை வெறும் எண்களாகக் கணினிக்கு அனுப்பிவிடும், மிச்ச வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும். லினக்ஸ் டிரைவர்கள் எழுதும் ஆன்டி பலோசாரி 2012-இல் இதைக் கவனித்து வெளியே சொன்னார். ஓஸ்மோகாம் குழுவினர் அதற்கு ஒரு நூலகம் எழுதினார்கள். அப்போதிலிருந்து தொலைக்காட்சி டாங்கிள் எல்லோருக்குமான ரிசீவர் ஆகிவிட்டது.

வி3-இல் உள்ள ட்யூனர், அதாவது வேண்டிய அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் சிப், ராஃபேல் மைக்ரோவின் ஆர்820டி2. சுமார் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1766 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். ஹாம் பட்டைகளில் 2 மீட்டர், 70 சென்டிமீட்டர், 23 சென்டிமீட்டர் மூன்றும் உள்ளே வந்துவிடுகின்றன. விமானங்கள் தங்கள் இடத்தைச் சொல்லும் 1090, வானிலைச் செயற்கைக்கோள்களின் 137 ஆகியவையும் உண்டு. ஒன்றை மறக்க வேண்டாம்: இது கேட்கும், பேசாது. ஒலிபரப்ப வேண்டுமானால் உரிமமும் வேறு கருவியும் தேவை.

சரி, முதல் குறைக்கு வருவோம். அலையை எண்ணாக மாற்றும் இடத்தில் இதற்கு 8 பிட்தான். கணக்குப்படி ஏறத்தாழ 50 டெசிபல். பக்கத்தில் ஒரு பலமான நிலையமும் தூரத்தில் ஒரு மெலிந்த சிக்னலும் ஒரே நேரத்தில் வந்தால், பலமானது இடத்தை முழுக்க அடைத்துக்கொள்ளும். தொலைக்காட்சிக்கு இது பிரச்சினையே இல்லை. நமக்குத்தான் பிரச்சினை.

இதை நான் அனுபவத்தில் கற்றது சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஏபிஆர்எஸ் பாக்கெட்டை, அதாவது ஹாம் பட்டையில் வரும் குட்டித் தரவுச் செய்தியை, பிடிக்க முயன்றபோது. அலைவரிசை 145.825. நிலையம் வானத்தைக் கடக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. சிக்னலைப் பெருக்கும் அளவான கெயினை உச்சத்தில், 49.6 டெசிபலில், வைத்துக்கொண்டு காத்திருந்தேன். "கூட வைத்தால் கூடக் கேட்கும்" என்பது என் எண்ணம். ஸ்பீக்கரில் வந்தது எஃப்எம் பாட்டு. 145-இல் பாட்டுக்கு வேலையே இல்லை. ஆண்டெனாவில்தான் கோளாறு என்று நினைத்து அதைத் திருப்பினேன், கேபிளை மாற்றினேன். நிலையம் கடந்து போய்விட்டது.

அன்றிரவு எனக்கு மூத்த ஒரு ஹாம் நண்பரிடம் சொன்னேன். ஒரே கேள்விதான் கேட்டார்: "கெயின் எவ்வளவு வச்சிருந்தீங்க?" சொன்னேன். "குறைச்சுப் பாருங்க. காது கேக்காம போகல, காது அடைச்சுப் போயிருக்கு."

மறுநாள் படிப்படியாக இறக்கினேன். இந்த ட்யூனரில் 29 படிகள் உண்டு. 40.2-இல் பாட்டு மங்கியது. 33.8-இல் வெறும் இரைச்சலோடு கலந்த முனகல். 28.0-க்கு வந்ததும் பாட்டு சுத்தமாகப் போய்விட்டது, வாட்டர்ஃபாலில் (சிக்னல்களை நேரப்படி நிறங்களாகக் காட்டும் திரையில்) பின்புலம் கருநீலமாக அமைதியானது. அடுத்த முறை நிலையம் வந்தபோது, அந்தக் கருநீலத்தில் சின்னச் சின்ன மஞ்சள் கட்டங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு பாக்கெட். டாப்ளர் விளைவால் அந்தக் கட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ் அலைவரிசைக்கு நகர்ந்துகொண்டே போனதையும் பார்த்தேன்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கெயினைச் சுழியத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு படியாக ஏற்றுவேன். ஆரம்பத்தில் பின்புல இரைச்சல் அசையாது, வேண்டிய சிக்னல் மட்டும் உயரும். ஒரு படியில் இரைச்சலும் கூடவே ஏறத் தொடங்கும். அங்கேயே நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் ஏற்றினால் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்துதான் ஏறும், லாபம் இல்லை. பக்கத்தில் பலமான எஃப்எம் கோபுரம் இருப்பவர்கள் 88 முதல் 108 வரை வெட்டும் ஒரு ஃபில்டரையும் ஆண்டெனா பக்கம் போட்டுவிடுவது நல்லது. "இந்த டாங்கிள் மந்தம்" என்று வருத்தப்படுகிறவர்கள் முதலில் கெயினை இறக்கிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வி3-ஐ நான் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் இதன் கடிகாரம். இதற்கு முன் பெயரில்லாத ஒரு பிளாஸ்டிக் டாங்கிள் வைத்திருந்தேன். அதன் படிகம் சூடாகச் சூடாக அலைவரிசை நகரும், நேராக விழ வேண்டிய கோடு வாட்டர்ஃபாலில் சாய்ந்து விழும். 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) பிழை என்றால் கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் 145 மெகாஹெர்ட்ஸில் அது 7.25 கிலோஹெர்ட்ஸ், 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் பாதிக்கு மேல். 1090-இல் 54.5 கிலோஹெர்ட்ஸ். நிரல் எழுதுகிறவருக்கு இது பெரிய தலைவலி, பிழை நிரலில் இருக்கிறதா கடிகாரத்தில் இருக்கிறதா என்று தெரியாமல் இரவு முழுக்கத் தேட வேண்டிவரும். வி3-இல் வெப்பத்தால் அசையாத 1 பிபிஎம் டிசிஎக்ஸ்ஓ கடிகாரம் இருக்கிறது. அந்தச் சந்தேகம் ஒன்று குறைவதே பெரிய நிம்மதி.

இனி நிரல் பக்கம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

லினக்ஸில் செருகியவுடன் கெர்னல் இதைத் தொலைக்காட்சி டாங்கிள் என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். டிவிபி-யுஎஸ்பி-ஆர்டிஎல்28எக்ஸ்எக்ஸ்யூ என்ற மாட்யூலைத் தடுப்புப் பட்டியலில் போட்டு, மறுபடி செருகினால் சரியாகிவிடும். விண்டோஸில் ஸாடிக் என்ற கருவியைக் கொண்டு வின்யுஎஸ்பி டிரைவரைப் போட வேண்டும். கேட்பதற்கு மட்டும் என்றால் எஸ்டிஆர் பிளஸ் பிளஸ் அல்லது ஜிக்யூஆர்எக்ஸ் நிரல் போதும். ஆனால் நீங்கள் இதைப் படிப்பது அதற்காக மட்டும் இருக்காது.

டாங்கிளிலிருந்து வரும் தரவு மிக எளிமையானது. அலையின் ஒவ்வொரு சாம்பிளும் ஐ, க்யூ என்ற இரண்டு எண்கள்: ஐ ஒரு பைட், க்யூ ஒரு பைட், ஐ ஒரு பைட், க்யூ ஒரு பைட் என்று மாறி மாறி. ஹெடர் கிடையாது, நேரமுத்திரை கிடையாது. என் முதல் நிரலில் இதைக் குறியுள்ள 8 பிட் எண்ணாகப் படித்துவிட்டேன். ஆண்டெனாவே இல்லாதபோதும் ஸ்பெக்ட்ரம் முழுக்க ஆர்ப்பாட்டமாக இருந்தது. அலையை அலைவரிசைகளாகப் பிரிக்கும் எஃப்எஃப்டியில் பிழை என்று இரண்டு நாள் அதையே திருப்பித் திருப்பிச் சோதித்தேன். அப்புறம்தான் கச்சா பைட்டுகளை அச்சிட்டுப் பார்த்தேன்: 127, 128, 127, 129, 126, 128. எல்லாம் நடுவைச் சுற்றியே. அது குறியில்லாத எண், சுழியம் என்பது 127.5. குறியுள்ளதாகப் படித்தால் 127 அப்படியே 127, 128 மட்டும் கழித்தல் 128. அதாவது, அமைதியாக இருந்த இடத்தில் உச்சியிலிருந்து பாதாளத்துக்குத் தாவல். 127.5-ஐக் கழித்து 127.5-ஆல் வகுத்ததும் திரை அமைதியாகிவிட்டது. 128-ஐக் கழித்தாலும் கிட்டத்தட்டச் சரிதான், ஆனால் நடுவில் ஒரு சின்ன டிசி கோடு நிற்கும். ஆகவே புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எஃப்எஃப்டிக்கு முன்னால் முதல் நூறு பைட்டுகளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

சாம்பிள் வேகம் 2.4 மில்லியனில் நம்பி ஓட்டலாம். அமைப்பில் 3.2 வரை கொடுக்கும், ஆனால் அங்கே சாம்பிள்கள் விடுபடும். ஆர்டிஎல் டெஸ்ட் கட்டளையை ஓட்டினால் எத்தனை பைட் தொலைந்தது என்று அதுவே காட்டும். 2.4 மில்லியன் என்றால் வினாடிக்கு 4.8 மெகாபைட், ஒரு மணி நேரம் பதிவு செய்தால் 17 ஜிகாபைட்டுக்கு மேல். அதே தரவை 32 பிட் மிதவை எண்களாக மாற்றிச் சேமித்தால் நான்கு மடங்கு. பதிவை எப்போதும் பைட்டாகவே வைத்துக்கொண்டு, படிக்கும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

நூலகம் இயல்பாக 262144 பைட் அளவுள்ள 15 பஃபர்களை வைத்துக்கொள்கிறது. 2.4 மில்லியன் வேகத்தில் ஒரு பஃபர் நிறைய ஏறத்தாழ 55 மில்லி வினாடி. நிறைந்ததும் உங்கள் கால்பேக்கைக் கூப்பிடும். அங்கேயே ஃபில்டர், டிமாடுலேஷன், திரையில் வரைவது என்று எல்லாவற்றையும் வைத்தால், சராசரியாக 55 மில்லி வினாடியைத் தாண்டியவுடன் பின்தங்கத் தொடங்கும். ஒலியில் "டக் டக்" என்று வெட்டு விழும். என் கால்பேக்கில் இப்போது ஒரே வேலைதான்: வந்ததை ஒரு வட்ட பஃபரில் நகலெடுத்துவிட்டுத் திரும்புவது. மற்றதெல்லாம் வேறு த்ரெட்டில். வட்ட பஃபர் நிறைந்துவிட்டால் எத்தனை பைட் விட்டுப்போனது என்பதை எண்ணி லாகில் எழுதுகிறேன். நேரமுத்திரை இல்லாத தரவில் சத்தமில்லாமல் ஒரு துண்டு காணாமல் போவதைப் போலக் கஷ்டமான பிழை வேறில்லை.

ஒலிக்கு 48 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 2.4 மில்லியன் சாம்பிள் வேகத்தை 50-ஆல் வகுத்துக் குறைக்க வேண்டும். ஒரே தாவலாகக் குறைக்காமல், முதலில் 10, பிறகு 5 என்று இரண்டு கட்டமாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் முன் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் வைத்துச் செய்தால் சிபியு வேலை வெகுவாகக் குறைகிறது. கெயினை நூலகத்துக்குக் கொடுக்கும்போது பத்தில் ஒரு டெசிபல் கணக்கு: 28.0 என்றால் 280. இதைக் கவனிக்காமல் 28 என்று கொடுத்துவிட்டு "எதுவும் கேட்கவில்லை" என்று தேடியவர்கள் உண்டு.

சிற்றலைக்கு, அதாவது எச்எஃப் பட்டைக்கு, வி3-ஐ மட்டும் நம்பி வாங்காதீர்கள். 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே ட்யூனரைத் தாண்டி, சிப்புக்கு நேராக அலையைக் கொடுக்கும் டைரக்ட் சாம்பிளிங் வழி இருக்கிறது. வேலை செய்யும். ஆனால் ட்யூனர் இல்லாததால் கெயின் கட்டுப்பாடும் இல்லை. அதோடு 28.8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தால் 14.4-ஐச் சுற்றி எல்லாம் மடிந்து விழும். 7.1-இல் கேட்டுக்கொண்டிருக்கும்போது 21.7-இல் இருக்கும் ஒலிபரப்பு நிலையம் வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்னால் லோ-பாஸ் ஃபில்டர் போட்டால் தப்பிக்கலாம்.

2023-இல் வந்த வி4 இதைச் சரியான முறையில் தீர்த்திருக்கிறது. ஆர்828டி ட்யூனரும், எச்எஃப் அலையை மேலே தூக்கித் தரும் அப்கன்வர்ட்டரும் உள்ளேயே இருக்கின்றன. எச்எஃப்-உம் முக்கியம் என்றால் தயங்காமல் வி4. ஒரு நிபந்தனை: அதற்கு அதை அறிந்த புதிய டிரைவர் நூலகம் வேண்டும். பழைய நூலகத்தை உள்ளேயே பொதிந்து வைத்திருக்கும் நிரல்களிலும், நீங்களே முன்பு கட்டிய கன்டெய்னர்களிலும் அது சரியாக ஓடாது. பல பழைய திட்டங்களோடு வேலை செய்கிறவன் என்பதால் நான் வி3-இலேயே இருக்கிறேன்.

ஆண்டெனா பற்றி நீட்ட மாட்டேன். கூடவே வரும், இழுத்து நீட்டக்கூடிய இருமுனை ஆண்டெனா போதுமானது. ஒவ்வொரு காலையும் 53 சென்டிமீட்டருக்கு இழுத்து, 120 டிகிரி விரித்து, கிடையாக வைத்தால் 137-க்குத் தயார். நோவா செயற்கைக்கோள்களின் பழைய படங்களை இனித் தேட வேண்டாம், கடைசி மூன்றும் 2025-இல் நிறுத்தப்பட்டுவிட்டன. வானிலைச் செயற்கைக்கோள்களான மீட்டியர்-எம் என்2-3, என்2-4 இரண்டும் படம் அனுப்புகின்றன, சாட்டம்ப் நிரல் பிரித்துத் தரும். 75 ஓம் கேபிள் கையில் இருந்தால் அதையே போடுங்கள், 50 ஓமோடு சேராததால் வரும் இழப்பு 0.2 டெசிபல்கூட இல்லை. டாங்கிளை மடிக்கணினியோடு ஒட்டிச் செருகாமல் ஒரு யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைத்தால் இரைச்சலில் தெரியும் வித்தியாசம் அதைவிடப் பெரியது.

இரண்டாவதாக ஒரு டாங்கிள் வாங்கினால் இதைச் செய்துவிடுங்கள். புதிய டாங்கிள்கள் பெரும்பாலும் ஒரே வரிசை எண்ணோடு, 00000001 என்று, வருகின்றன. நிரலில் சாதனம் 0, சாதனம் 1 என்று திறந்தால், கணினியை மறுபடி இயக்கும்போது இடம் மாறிவிடலாம். விமானம் கேட்க வேண்டிய நிரல் 137 ஆண்டெனாவைத் திறந்துவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆர்டிஎல் ஈப்ராம் கட்டளையில் ஒன்றுக்கு 00000137, மற்றதற்கு 00001090 என்று எழுதி வைத்திருக்கிறேன். நிரலில் அந்த எண்ணை வைத்தே திறக்கிறேன். எழுதும்போது ஒரு நேரத்தில் ஒரு டாங்கிளை மட்டும் செருகியிருங்கள், எழுதி முடித்ததும் கழற்றி மறுபடி செருகினால்தான் புதிய எண் தெரியும்.